ரொட்டியும் சோறும் சீனி வியாதியும்

(தோட்டக் கோயில் மண்டபத்தில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை. கூடியவரை பேசியபடியே தருகிறோம். கடைசியில் சபையோர் கேட்ட சில கேள்விகளும் பதில்களும் சேர்க்கப்பட்டுள்ளன.)



மலையால் இறங்கி, கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் அடுப்புப் பற்ற வைக்க வேண்டிய நேரத்தில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே வளவளவென்று பேசப் போவதில்லை. கிளினிக்கில் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன்.

"நாங்க கறி மீனு சாப்பிடுறதே மாசத்துல ரெண்டு நாளுதாங்க. மத்த நாளெல்லாம் மரக்கறிதான். தேத்தண்ணிக்குச் சீனியும் கொறைச்சிட்டோம். மாத்திரையும் போடுறோம். அப்புறம் ஏன் சீனி எறங்க மாட்டேங்குது?"

இதுதான் கேள்வி. நியாயமான கேள்வி. சிலர் முருகனுக்கு நேர்ந்து காலம் பூராவும் சைவம். சிலர் வெள்ளி, செவ்வாய், மாலை போட்ட நாள்களில் சைவம். மற்றவர்களுக்குச் சம்பளம் போட்ட வாரத்தில்தான் கருவாடோ கோழியோ. ஆக, தோட்டத்தில் பெரும்பாலான வீட்டில் பெரும்பாலான நாள் மரக்கறிச் சாப்பாடுதான். "மரக்கறி சாப்பிட்டா சீனி வியாதி வராது" என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டும் இருக்கிறோம்.

ஆனால் நம்முடைய தட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதில் மரக்கறி எங்கே இருக்கிறது? காலையில் கோதுமை மா ரொட்டி, சம்பல். பகலுக்கும் கட்டிக்கொண்டு போன ரொட்டி, உருளைக்கிழங்குக் கறி. இரவில் தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பருப்பு, ஒரு சின்னச் சுருட்டுக் கீரை. இடையிடையே ஐந்தாறு கோப்பைத் தேத்தண்ணி. இதில் கறி மீன் இல்லை என்பது உண்மைதான். மரக்கறியும் அவ்வளவாக இல்லையே! இருப்பதெல்லாம் மா. ரொட்டிக்கு உருளைக்கிழங்குக் கறி என்றால், மாவைத் தொட்டுக்கொண்டு மாவைச் சாப்பிடுகிறோம்.

சீனி வியாதிக்காரருக்கு இந்த மாதான் பிரச்சினை. வெள்ளைச் சீனியை மட்டும் நிறுத்திவிட்டு ரொட்டியையும் சோற்றையும் அப்படியே வைத்திருந்தால், முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்த கதைதான். அரிசி, கோதுமை, பாண், கிழங்கு எல்லாவற்றிலும் இருப்பது மாச்சத்து. அது வயிற்றுக்குள் போய்ச் செரித்தால் குளுக்கோசாக, அதாவது சீனியாக மாறித்தான் இரத்தத்தில் சேருகிறது. வாயில் இனிக்காது, இரத்தத்தில் இனிக்கும்.

பக்டரியில் குவியும் கொழுந்து

கொழுந்து கூடின மாதத்தை நினைத்துப் பாருங்கள். லொறி லொறியாகக் கொழுந்து பக்டரிக்குப் போகிறது. வாட்டுகிற இடம் அதே அளவுதான். ஆளும் அதே ஆள்தான். என்ன நடக்கும்? கொழுந்து குவிந்து, சூடேறி, சிவந்து பழுதாகிப் போகும். நம்முடைய உடம்பிலும் அதுதான். சாப்பாட்டில் இருந்து வரும் குளுக்கோசை இரத்தத்தில் இருந்து தசைக்குள் கொண்டு சேர்ப்பது இன்சுலின். அதைச் சுரப்பது வயிற்றுக்குப் பின்னால் இருக்கிற சதையி. இரண்டாம் வகை நீரிழிவில், சுரக்கிற இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. வருடம் போகப் போகச் சுரப்பதும் குறைகிறது. குளுக்கோஸ் இரத்தத்திலேயே தேங்குகிறது. தேங்கிய சீனி கண், சிறுநீரகம், கால் நரம்பு, இருதயம் என்று ஒவ்வொன்றாகப் பழுதாக்குகிறது.

இதற்கு இரண்டு வழி. பக்டரியில் ஆளைக் கூட்டலாம். அதுதான் மாத்திரையும் ஊசியும். அல்லது பக்டரிக்கு அனுப்புகிற கொழுந்தைக் குறைக்கலாம், அதுதான் சாப்பாடு. நாம் முதலாவதை மட்டும் செய்துகொண்டு இரண்டாவதை விட்டுவிட்டோம். மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள், ரொட்டி மட்டும் குறையவில்லை.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. இன்சுலினை முதன்முதலாக மனிதருக்குப் போட்டது 1922இல், கனடாவில். அதற்கு முன்னால் வைத்தியர்களிடம் இருந்த பெரிய மருந்தே மாவையும் சீனியையும் குறைப்பதுதான். மருந்துகள் வந்த பிறகு அதைக் கொஞ்சம் மறந்துவிட்டார்கள். 2019இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் எல்லா ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்து, இரத்தச் சீனியை இறக்குவதற்கு அதிகச் சான்று உள்ள உணவு முறை மாச்சத்தைக் குறைப்பதுதான் என்று சொன்னது. மரக்கறி உணவும் நீரிழிவுக்காரருக்கு ஏற்றது என்று அதே அறிக்கை சொல்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம். நம் அடுப்பில் அதை எப்படிச் செய்வது என்பதுதான் பேச்சு.

நாட்டு நிலைமையையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2005-06இல் எடுத்த ஆய்வில் இலங்கையில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு இந்த வியாதி. 2018-19இல் எடுத்த இன்னொரு ஆய்வில் பெரியவர்களில் நூற்றுக்கு 23 பேர். நாலில் ஒருவர் என்று வையுங்கள். "அது டவுன் ஆளுகளுக்கு வர்ற பணக்கார வியாதி, நாங்க மேடு ஏறி எறங்குற ஆளுக" என்று இனிமேலும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. முக்கியமாக, வேலையை விட்ட பென்ஷன் ஆளுகள் கவனியுங்கள். நாற்பது வருடம் மலையில் ஏறி இறங்கினபோது சாப்பிட்ட அதே நாலு ரொட்டியை, இஸ்தோப்பில் உட்கார்ந்துகொண்டு இன்றைக்கும் சாப்பிடுகிறோம்.

எவ்வளவு மா என்று கணக்குப் பார்ப்போம்

நூறு கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 75 கிராம் மாச்சத்து. நம்முடைய லயத்து ரொட்டி கடை ரொட்டி மாதிரி மெல்லிசு இல்லை. பெரியதாய், தடிப்பாய்ச் சுட்டால் ஒன்றுக்கே நூறு கிராம் மா போய்விடும். ஒரு தேக்கரண்டிச் சீனி 5 கிராம் என்று வைத்தால், அந்த ஒரு ரொட்டி 15 கரண்டிச் சீனிக்குச் சமம். பகலைக்குள் மூன்று ரொட்டி என்றால் 45 கரண்டி. சமைத்த சோறு ஒரு கோப்பையில் சுமார் 45 கிராம் மாச்சத்து. நாம் கோப்பையால் அளந்தா சாப்பிடுகிறோம்? இரவுத் தட்டில் இரண்டு கோப்பைக்குக் குறையாது. தேத்தண்ணி ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் அதில் மட்டும் 50 கிராம் சீனி.

கூட்டிப் பாருங்கள். ஒரு நாளைக்கு 350 கிராமைத் தாண்டுகிறது. வைத்தியத்தில் குறைந்த மாச்சத்து உணவு என்று சொல்வது நாளைக்கு 130 கிராமுக்குக் குறைவானதை. நான் உங்களை ஒரே நாளில் 130க்கு இறங்கச் சொல்லவில்லை. கொழுந்துக் கூடையைச் சுமந்து சரிவில் நிற்கிறவருக்கும், கவ்வாத்து வெட்டுகிறவருக்கும் அது ஒத்துவராது. இப்போது சாப்பிடுகிற மாவில் பாதியைக் குறைத்தாலே கிளினிக் கொப்பியில் எழுதுகிற எண் மாறும். அதுவும் ஒரேயடியாக இல்லை, நாலைந்து வாரத்தில் படிப்படியாக.

ரொட்டியை நான் திட்டவில்லை. நம்முடைய பெரியவர்களுக்குத் தெரியும், 1973, 74இல் அரிசிப் பங்கீடு குறைந்து தோட்டங்களில் பட்டினி கிடந்த காலத்தில் உயிரைப் பிடித்து வைத்தது இந்த மாதான். கட்டிக்கொண்டு மலைக்குப் போக லேசு, கெட்டுப் போகாது, வயிறு நிறையும். அந்தக் காலத்துக்கு அது சரி. சீனி வியாதி வந்த உடம்புக்கு அதே அளவு சரியில்லை, அவ்வளவுதான்.

நல்லதென்று நம்பி ஏமாறுவது

குரக்கன் ரொட்டி. "சீனி வியாதிக்கு நல்லதாம்" என்று நாலு ரொட்டி சாப்பிடுகிற ஆளுகள் இருக்கிறார்கள். குரக்கனில் நார்ச்சத்தும் கல்சியமும் கூடத்தான். ஆனால் மாச்சத்து கோதுமைக்குக் கிட்டத்தட்டச் சமம். சிவப்பரிசியும் அப்படித்தான். வெள்ளை அரிசியை விட மேல், ஆனால் அளவு அளவுதான்.

கிறீம் கிரேக்கர் பிஸ்கட். ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போனால் ஒரு பக்கற் வாங்கிக்கொண்டு போவோம். இனிக்காததால் சீனிக்காரருக்கு நல்லதென்று நினைக்கிறோம். அது முழுக்கக் கோதுமை மா.

திரிபோஷா. பிள்ளைக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் கொடுப்பதைப் பாட்டி உருண்டை பிடித்துச் சாப்பிடுகிறார். அதை விட்டுவிடுங்கள் பாட்டி, பேரப்பிள்ளை சாப்பிடட்டும்.

இன்னொன்று பட்டர் புரூட், ஆனைக்கொய்யா என்றும் சொல்வோம். நம்முடைய பக்கத்தில் மரத்துக்கு மரம் காய்க்கிறது. சீனிக்காரருக்கு இதைப் போல ஒரு பழம் இல்லை. மாச்சத்து மிகக் குறைவு, நல்ல கொழுப்பு, பசி தாங்கும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? இரண்டாய் வெட்டி, கொட்டையை எடுத்துவிட்டு, அந்தக் குழி நிறையச் சீனியைக் கொட்டிக் கரண்டியால் தோண்டிச் சாப்பிடுகிறோம்! உப்பும் மிளகும் தேசிக்காய்ப் புளியும் விட்டு, வெங்காயம் வெட்டிப் போட்டுப் பிசைந்து பாருங்கள். ரொட்டிக்குச் சம்பல் மாதிரியே தொட்டுக்கொள்ளலாம்.

குறைத்த இடத்தை எதனால் நிரப்புவது?

இதுதான் முக்கியம். மாவைக் குறைத்துவிட்டு வேறொன்றும் வைக்காவிட்டால் பசி வரும், கிறுகிறுப்பு வரும், மூன்றாம் நாள் பழையபடி நாலு ரொட்டி. குறைத்த இடத்தில் புரதமும் மரக்கறியும் வர வேண்டும்.

நமக்குக் கைக்கெட்டுகிற புரதம் பருப்பு, கடலை, கௌபி, பயறு, சோயா, கச்சான், தயிர். முட்டை சேர்க்கிறவர்களுக்கு முட்டையும். இவற்றில் பருப்பு, கடலை, கௌபி, பயறு எல்லாவற்றிலும் கொஞ்சம் மாச்சத்தும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஆனால் நார்ச்சத்தோடு சேர்ந்து இருப்பதால் மெதுவாகத்தான் சீனியாகிறது. அவித்த கடலை ஒரு சின்னக் கிண்ணம் சோற்றுக்குப் பதிலாக என்றால் நல்லது. தட்டு நிறையச் சோற்றோடு மேலதிகமாக என்றால் கணக்குக் கூடும். சோயா மீட் என்று பக்கற்றில் வருவது நூறு கிராமில் ஏறக்குறைய பாதி புரதம். சுடுதண்ணியில் ஊற வைத்து, நன்றாகப் பிழிந்து, நம்முடைய மிளகாய்த்தூள் போட்டுச் சமையுங்கள். உள்ளே வைத்திருக்கிற சுவைத்தூள் பக்கற்றைப் போட வேண்டாம், அதில் உப்பு அதிகம். கச்சான் கொட்டை ஒரு கைப்பிடி, பத்து மணித் தேத்தண்ணிக்குப் பிஸ்கட்டுக்குப் பதிலாக. அவித்தோ வறுத்தோ போதும், சீனிப்பாகு போட்ட கச்சான் அல்வா வேண்டாம்.

பயற்றை இரவே ஊறப்போட்டு, காலையில் பச்சை மிளகாய், இஞ்சி, வெங்காயத்தோடு அரைத்துத் தோசை சுடலாம். அரிசி ஒரு மணியும் வேண்டாம். அம்மியில் அரைக்கிற அளவுக்கு நேரம் இல்லை என்றால், ரொட்டி மாவிலேயே மாற்றம் செய்யலாம். வழக்கமாகப் போடுகிற கோதுமை மாவில் பாதியை எடுத்துவிட்டு, கடலை மா கொஞ்சம், தேங்காய்ப்பூ கொஞ்சம் தாராளமாக, பொடியாய் அரிந்த கோவாவோ கீரையோ ஒரு பிடி, வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்துப் பிசைந்து மெல்லிசாகத் தட்டுங்கள். மலைக்கும் கொண்டு போகலாம். ஒன்று சாப்பிட்டாலே வயிறு தாங்கும்.

மரக்கறிக்குப் பஞ்சமில்லாத பூமி இது. கோவா, போஞ்சி, லீக்ஸ், நோக்கோல், ராபு, கத்தரி, பூசணிக் கொழுந்து, வல்லாரை, பொன்னாங்காணி. தட்டில் பாதி இவை இருக்கட்டும். மற்றப் பாதியில் ஒரு பக்கம் பருப்போ கடலையோ சோயாவோ, ஒரு பக்கம் சோறோ ரொட்டியோ. உருளைக்கிழங்கு, மரவள்ளி, வற்றாளை, பலாக்கொட்டை, ஈரப்பலா எல்லாம் மரக்கறிக் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில்தான் வரும். மரவள்ளி அவித்த அன்றைக்குச் சோறு வேண்டாம்.

தேத்தண்ணியை நிறுத்தச் சொல்லவில்லை. தேயிலைத் தோட்டத்தில் நின்று அப்படிச் சொன்னால் என்னை யார் விடுவார்கள்? சாயத் தேத்தண்ணியில் ஒரு குற்றமும் இல்லை, சீனியில்தான் குற்றம். வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துக்கொண்டு வந்தால் நாலு வாரத்தில் நாக்குப் பழகிவிடும். சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிக்கிற வழக்கம் உள்ளவர்கள், அளவே தெரியாமல் போகிறது என்பதைக் கவனியுங்கள். சாப்பாட்டோடு சேர்த்து மட்டும் தேத்தண்ணி குடிக்காதீர்கள். கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்தை அது உடம்பில் சேர விடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். கீரைக்குத் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். நம் பெண்களில் எத்தனை பேருக்கு இரத்தம் குறைவு என்று கிளினிக் கொப்பியைப் பார்த்தால் தெரியும்.

இப்போது ஆண்கள் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பருப்பு வாங்கிச் சமைத்தால் முதலில் யாருக்குப் போகிறது? புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும். அம்மா கடைசியில் சாப்பிடுகிறார். அப்போது பாத்திரத்தில் இருப்பது அடிச்சோறும் குழம்புத் தண்ணியும். விடியக் காலையில் எழும்பி எல்லாருக்கும் ரொட்டி சுட்டு, பகல் முழுக்க நிரையில் நின்று, இரவில் அவர் சாப்பிடுவது வெறும் மா. அவருக்குச் சீனி வியாதி இருந்தால் எந்த மாத்திரையால் அதைச் சரிக்கட்டுவது? "அம்மாவுக்குப் பத்தியச் சாப்பாடு" என்று தனி அடுப்பு வேண்டாம், தனிச் செலவும் வேண்டாம். ஒரே பானை, ஒரே கறிதான். பரிமாறும்போது அவருடைய பங்குப் பருப்பையும் கீரையையும் முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். வளர்கிற பிள்ளைகளுக்கு ரொட்டியும் சோறும் வழக்கம் போல இருக்கலாம். அவர்களுக்கு இந்தக் குறைப்பு வேண்டாம்.

மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் காலை மாவைக் கொஞ்சம் குறைத்து, இரவு மாவை நன்றாகக் குறையுங்கள். பகலில் ஏறி இறங்கும்போது தசை சீனியை எரிக்கிறது. இரவில் இரண்டு கோப்பைச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் எரிக்க ஆளில்லை. படுக்க முன்னம் லயத்து ரோட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் அதுவும் மருந்துதான்.

மாத்திரைக்காரர்களுக்கு எச்சரிக்கை

இன்றைய பேச்சில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மாத்திரை போடுகிறவர், ஊசி போடுகிறவர், இங்கே கேட்டுவிட்டுப் போய் நாளைக்கே சோற்றைப் பாதியாக்கக் கூடாது. முதலில் தோட்ட டிஸ்பென்சரியிலோ கிளினிக்கிலோ சொல்ல வேண்டும்.

காரணம் இதுதான். மெட்போமின் மாத்திரை மட்டும் போடுகிறவருக்குச் சீனி ஆபத்தாக இறங்குவது அருமை. ஆனால் கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட், கிளிமிபிரைட், டொல்பியுட்டமைட் போன்ற மாத்திரைகள் சதையியை நெருக்கி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அந்த மாத்திரைக்குத் தெரியாது. இன்சுலின் ஊசியும் அப்படித்தான். நாலு ரொட்டிக்கென்று கொடுத்த மருந்தைப் போட்டுக்கொண்டு ஒரு ரொட்டி சாப்பிட்டு மலையேறினால் சீனி 70க்குக் கீழே விழும். கை நடுங்கும், குளிரிலும் வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பசி பொறுக்க முடியாது, கண் மங்கும், பேச்சுக் குழறும். சரிவில் அந்த நேரத்தில் தலை சுற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை விரதம், கந்தசஷ்டி ஆறு நாள் விரதம் பிடிக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போடக் கூடாது. யாரையும் கேட்காமல் மாத்திரையை விடவும் கூடாது. விரதத்துக்கு முந்திய கிளினிக்கில் சொன்னால் டொக்டர் அளவை மாற்றித் தருவார். முருகன் கோபிக்க மாட்டார். சம்பள நாளில் வெறும் வயிற்றில் போத்தலைத் திறக்கிற அண்ணன்மாருக்கும் அதே ஆபத்துத்தான்.

மாத்திரை போடுகிற ஒவ்வொருவரும் மடியில் ஒரு சின்னப் பொட்டலம் சீனி வைத்திருங்கள். ஆமாம், சீனிதான்! நடுக்கம் வந்தால் மூன்று தேக்கரண்டியைத் தண்ணியில் கரைத்துக் குடித்துவிட்டு உட்காருங்கள். பதினைந்து நிமிடத்தில் சரிவராவிட்டால் இன்னொரு தரம். தெளிந்த பிறகு கட்டிக்கொண்டு போனதைச் சாப்பிடுங்கள். பக்கத்து நிரையில் நிற்கிறவருக்கும் கங்காணிக்கும் உங்களுக்கு இந்த வியாதி இருப்பதைச் சொல்லி வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மயங்கி விழுந்தவருடைய வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, புரைக்கேறிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

எம்பாகிளிபுளோசின், டபாகிளிபுளோசின் என்று முடிகிற மாத்திரையை யாருக்காவது எழுதிக் கொடுத்திருந்தால், அவர்கள் டொக்டரிடம் கேட்காமல் மாவைக் கடுமையாகக் குறைக்கவே கூடாது. இரத்தத்தில் அமிலம் கூடி ஆபத்தாகலாம். சிறுநீரகம் பழுதானவர்களும் பருப்பு, சோயாவைக் கூட்ட முன்னம் கேட்க வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிகள் தாமாக எதையும் குறைக்க வேண்டாம்.

மரக்கறி மட்டுமே சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பி12 என்று ஒரு விற்றமின் இருக்கிறது. அது மீன், இறைச்சி, முட்டை, பால், தயிரில்தான் உண்டு. கீரையிலும் பருப்பிலும் கிடையாது. மெட்போமினை வருடக் கணக்காகப் போட்டால் அந்த பி12 இன்னும் குறையும். குறைந்தால் பாதம் விறைக்கும், எரியும், பஞ்சில் நடக்கிற மாதிரி இருக்கும். சீனியாலும் அதே விறைப்பு வரும். ஆகவே எல்லாவற்றையும் "சீனிதான்" என்று விட்டுவிடாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். பி12 குறைவென்றால் மாத்திரையாலோ ஊசியாலோ திருத்தலாம். பாதம் விறைத்தவருக்கு அட்டை கடித்ததும் தெரியாது, முள் ஏறினதும் தெரியாது. அந்தப் புண்ணில் இருந்துதான் விரலை எடுக்கிற நிலைமை வருகிறது. வேலை விட்டு வந்ததும் காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கைப் பாருங்கள். கண் தெரியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

சபையோர் கேட்டவை

*கேள்வி: பாகற்காய்ச் சாறும் கொத்தலா ஹிம்புட்டுத் தண்ணியும் குடிச்சா மாத்திரை தேவையில்லைன்னு சொல்றாங்களே?*

பாகற்காயைக் கறியாக்கிச் சாப்பிடுங்கள், நல்ல மரக்கறி. அது மாத்திரைக்குப் பதில் ஆகாது. கொத்தலா ஹிம்புட்டு சீனியை இறக்கக்கூடியது. அதனால்தான் மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் அளவுக்கு மேல் இறங்கலாம். குடிக்கிறீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். டொக்டர் ஏச மாட்டார். ஏசினாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.

*கேள்வி: சீனிக்குப் பதிலா கருப்பட்டி, தேன் போடலாங்களா?*

மூன்றும் ஒன்றுதான். கித்துள் கருப்பட்டி மணமாக இருக்கும், இரத்தத்தில் சீனியாகத்தான் போய்ச் சேரும்.

*கேள்வி: பருப்பு, கடலை விக்கிற விலைக்கு இதெல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகுமா?*

இது சரியான கேள்வி. எல்லாவற்றையும் வாங்கச் சொல்லவில்லை. மாவிலும் அரிசியிலும் சீனியிலும் பாதி மிஞ்சுமே, அந்தக் காசுக்குத்தான் பருப்பும் சோயாவும். பிஸ்கட் பக்கற்றை நிறுத்தினால் கச்சான் வாங்கலாம். கீரைக்குக் காசு வேண்டாம். லயத்துக்குப் பின்னால் இரண்டடி நிலம் இருந்தால் போதும், இல்லாதவர்கள் பழைய உரப்பையில் மண் போட்டு வல்லாரையும் பொன்னாங்காணியும் நடலாம். ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: மாதான் மலிவு, வயிற்றை நிரப்புவது லேசு. சம்பளம் முடிகிற கடைசி வாரத்தில் ரொட்டிதான் என்றால், அந்த வாரத்திலும் தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் இருக்கலாம், ரொட்டியை இரண்டு வேளைக்குப் பிரித்து, கீரையை நிறைய வைத்துச் சாப்பிடலாம்.

*கேள்வி: சீனி இறங்கிட்டா மாத்திரையை நிப்பாட்டிறலாமா?*

நீங்களாக நிறுத்த வேண்டாம். வெறும் வயிற்றில் பார்க்கும்போது 126க்கு மேல் இரண்டு தரம் வந்தால் சீனி வியாதி என்று முடிவு செய்கிறோம். வைத்தியத்தில் இருக்கிறவருக்கு 80க்கும் 130க்கும் இடையில் இருந்தால் பொதுவாக நல்லது. மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற எச்.பி.ஏ.1.சி பரிசோதனையில் 7க்குக் கீழே இருந்தால் நல்லது. சாப்பாட்டை மாற்றி, உடம்பு எடை கூடியவர்கள் அதையும் குறைத்து, மாத்திரை இல்லாமலே சீனியைப் பிடித்து வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் கொப்பியில் எண்களைப் பார்த்து டொக்டர் செய்ய வேண்டியது. பிறகும் பழைய நாலு ரொட்டிக்குப் போனால் சீனியும் பழைய இடத்துக்குப் போகும்.

*கேள்வி: எனக்கு இருக்கா இல்லையான்னே தெரியாது. எங்க போய்ப் பாக்குறது?*

35 வயதைத் தாண்டினவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இருக்கிற ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்தில் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். அம்மா அப்பாவுக்கு இருந்தாலோ, பிள்ளைத்தாய்ச்சியாய் இருந்தபோது சீனி கூடியிருந்தாலோ வயதைப் பார்க்காமல் போங்கள். முதல் நாள் இரவு சாப்பிட்ட பிறகு ஒன்றும் சாப்பிடாமல், காலைத் தேத்தண்ணியும் குடிக்காமல் போக வேண்டும். வெறும் தண்ணி குடிக்கலாம். ஏற்கெனவே கிளினிக்குக்குப் போகிறவர்கள் அடுத்த தரம் போகும்போது கொப்பியையும், வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு, முதல் நாள் காலையில் இருந்து இரவு வரை என்னென்ன சாப்பிட்டீர்கள், எத்தனை ரொட்டி, எத்தனை கோப்பைத் தேத்தண்ணி என்று பிள்ளையிடம் சொல்லி ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் எந்த ரொட்டியை எடுப்பது, எந்த மாத்திரையைக் குறைப்பது என்று உட்கார்ந்து பேச முடியும்.